அட்டை இல்லாத ஒரு துப்பறியும் கதை

(சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் பேசியது. பேச்சின் போக்கு அதிகம் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



போன மாதம் செயலாளர் போன் செய்து, "அடுத்த கூட்டத்தில் நீங்கள்தான் பேச வேண்டும், தலைப்பு உங்கள் இஷ்டம்" என்றார். ரிடையரான சர்க்கார் அதிகாரி பேசினால் பென்ஷன், மருத்துவக் காப்பீடு, அல்லது பகவத் கீதை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். "ஒரு துப்பறியும் கதையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அரை மணிக்குள் முடித்துவிடுவீர்களா?" என்று கேட்டார். முடித்துவிடுகிறேன்.

நம் வீடுகளில் துப்பறியும் கதைக்கு மரியாதை என்றைக்கும் குறைவு. பாடப் புத்தகத்துக்கு நடுவில் மறைத்துப் படிக்க வேண்டிய சாமான் அது. ஆனால் அதை எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். தமிழில் முதல் துப்பறியும் கதைப் புத்தகம் என்று சொல்லப்படும் 'தானவன்' 1894இல் வந்தது. எழுதியவர் அரசுப் பணியில் இருந்த பண்டித நடேச சாஸ்திரி. 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' எல்லாம் எழுதிய வடுவூர் துரைசாமி அய்யங்கார் தாசில்தாராக இருந்தவர். அவருடைய திகம்பர சாமியார் என்ற துப்பறியும் பாத்திரம் 1950இல் சினிமாவாக வந்து, எம்.என். நம்பியார் பல வேஷங்களில் நடித்தார். 'துப்பறியும் சாம்பு'வைப் படைத்த தேவன் ஆனந்த விகடனின் நிர்வாக ஆசிரியர். ஆகவே, ஃபைல் பார்க்கிற கைகளுக்கும் கொலைக் கதைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. நான் எழுதவில்லை, ஐம்பது வருஷமாகத் தேடிக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்க மலையாளம். நம்மில் பல பேருக்கு இது தெரிந்த கதைதான். விக்டோரியா கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து மத்திய அரசு வேலையில் சேர்ந்தபோது, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பாட்டி கற்றுக்கொடுத்த அரிச்சுவடியும், கல்யாணப் பத்திரிகையும்தான் எனக்குத் தெரிந்த தமிழ் இலக்கியம்.

1975இல் என்னை இடுக்கி ஜில்லா சாந்தன்பாறைக்கு மாற்றினார்கள். இன்று அந்தப் பெயர் பேப்பரில் அடிபடுகிறது. 2022இல் அங்கே கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்தபோது நம் உறுப்பினர்கள் சிலர் வேன் வைத்துக்கொண்டு போய் வந்தார்கள். 2023இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்தது அந்தப் பக்கத்து மலையில்தான். நான் போன காலத்தில் அப்படி யாரும் வரமாட்டார்கள். போடிநாயக்கனூரிலிருந்து மலை ஏறி, போடிமெட்டு, பூப்பாறை தாண்டினால் ஏலக்காய்த் தோட்டம், மழை, மூடுபனி, அட்டை. தோட்டம் தோட்டமாகச் சுற்றி வந்து, செடியின் நோய், மகசூல் எல்லாம் பார்த்துக் குறிப்பெழுதுவது என் வேலை. சாயங்காலம் வந்து காலில் ஒட்டியிருக்கும் அட்டைக்கு உப்பு வைத்துவிட்டால் அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை.

அங்கே ஒரு எஸ்டேட் கணக்கர் குடும்பம் இருந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம். 1958லேயே மலை ஏறி வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. மாமி நாற்பது வயசு இருப்பார், வீணை வாசிப்பார். பஸ்ஸில் மேலே வரும் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கத்தரித்து, கோணி ஊசியால் தைத்து, பசை காய்ச்சி ஒட்டி, அலமாரியில் வரிசையாக வைத்திருந்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து, "அம்பி, இதைப் படி. தமிழ் தன்னால வரும். படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துடணும், கேட்டியா" என்றார்.

வெளியே அட்டைக்குப் பஞ்சமில்லை. அந்தப் புத்தகத்துக்குத்தான் அட்டை இல்லை. முதல் இரண்டு பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் அதோடு போயிற்று. கடைசியிலும் சில அத்தியாயங்கள் இல்லை.

கதையை இரண்டு நிமிஷத்தில் சொல்கிறேன். ரேடியோவில் வீணை வாசிக்கும் ஒரு பெண் மதுரை ஜங்ஷனில் திருச்சிக்கு ரயில் ஏறுகிறாள். அதே பெட்டியில் இன்னொருவரும் வீணைப் பெட்டியோடு ஏறுகிறார். திருச்சியில் நிலையத்துக்குப் போய்த் திறந்தால் வீணை இல்லை. ஜமக்காளத்தில் சுற்றிய கருங்கல், அதற்கு அடியில் ஒரு நகைக் கடையின் கணக்குப் புத்தகம். மறுநாள் இடது கையில் உறை போட்ட ஒருவர் வந்து, "அம்மா, என் வீணை உங்களிடம் வந்துவிட்டது" என்கிறார். "உங்கள் வீணைக்கு எத்தனை தந்தி?" என்று கேட்கிறாள். "ஆறு" என்கிறார். வீணைக்கு ஏழு தந்தி என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பிடித்த கதை எங்கெங்கோ போய், ஒரு மலை பங்களாவில் எல்லோரும் மாட்டிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைகிறது. அத்தோடு தாள்கள் தீர்ந்துவிட்டன.

எழுத்துக் கூட்டிப் படித்ததால் எனக்கு இருபது நாள் ஆயிற்று. இருபத்தோராம் நாள் நான் தமிழைக் கூட்டாமலே படித்தேன். இன்று உங்கள் முன் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்றால் அதற்குக் காரணம் பெயர் தெரியாத அந்த ஆசிரியர்தான். அவருக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. இந்தத் தேடலுக்கு அதுதான் காரணம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மாமியிடம் முடிவைக் கேட்டேன். அவர் சொன்னார். இருட்டில் எல்லோரும் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண் தைரியமாக வீணையை எடுத்து மிச்ர சாப்பில் ஒரு கீர்த்தனை வாசிக்கிறாள். நாற்காலிக் கையில் யாரோ மெதுவாகத் தாளம் போடும் சத்தம் கேட்கிறது. ஏழு எண்ணிக்கை, ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. விளக்கு வந்ததும் பார்த்தால், "எனக்குச் சங்கீதமே தெரியாது" என்று முதலிலிருந்து சொல்லிவந்த வக்கீலின் கை நாற்காலியின் மேல் இருக்கிறது. அவர்தான் குற்றவாளி. இந்த முடிவை நான் ஐம்பது வருஷமாக மறக்கவில்லை.

1977இல் மாற்றல் வந்தது. பிறகு எத்தனையோ ஊர். 2010இல் ரிடையர் ஆனேன். அப்புறம்தான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். கேட்டவர்களிடமெல்லாம் தாளத்தில் மாட்டிக்கொண்ட வக்கீலைச் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொருவர் ஒரு பெயர் சொன்னார்கள். பெரியவர் ஒருவர், "சந்தேகமே இல்லை, ஜே.ஆர். ரங்கராஜு" என்றார். ரங்கராஜுவின் நாவல்களில் துப்பறிபவர் கோவிந்தன். என் கதையில் அவர் இல்லை, அந்த நாவல்களோ என் கதைக்கு ரொம்ப முந்தியவை. இன்னொருவர், "தமிழ்வாணன்" என்றார். சங்கர்லால் டீ குடிக்காமல் துப்பறிய மாட்டார். பேச்சும் நல்ல தமிழில் இருக்கும். என் கதையில் எல்லோரும் காபி குடித்து, 'நமஸ்காரம், சௌக்கியமா' என்று பேசினார்கள். ஒரு மாமி, "சுஜாதாவைத் தவிர வேறு யார் இப்படி எழுதுவார்?" என்றார். ஆனால் சுஜாதாவின் முதல் நாவலான 'நைலான் கயிறு' குமுதத்தில் வந்தது 1968இல்தான். ரா.கி. ரங்கராஜனாக இருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அதைத் தள்ளிவிட முடியவில்லை. காரணம், கிருஷ்ணகுமார், டி. துரைசாமி என்று அவர் எழுதிய புனைபெயர்களே ஒரு பட்டியல் வரும். தமிழ் வாரப் பத்திரிகைகளில் ஒரு இதழில் மூன்று பெயரில் வந்திருக்கும் கதைகளை ஒரே மனிதர் எழுதியிருப்பார். ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுகிறவனுக்கு இது பெரிய சங்கடம்.

ஆனால் தாளம் போட்ட வக்கீலை மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

2014இல் நம் சங்கத்து நண்பர் ஒருவர் மூலம், அந்த மாமி பெங்களூரில் பெண் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. வயசு எண்பது. போனில் பேசினேன். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஞாபகம் தளரவில்லை. "மாமி, அந்த வீணைப் பெட்டிக் கதை எந்தப் பத்திரிகையில வந்தது?" என்றேன். "அதுவா? ரெண்டு மூணு பத்திரிகை வாங்கிண்டிருந்தோம், எதுன்னு இப்ப சொல்ல முடியலை" என்றார். "அந்தத் தாளம் போடற முடிவு ரொம்ப நன்னா இருந்தது மாமி" என்றேன்.

மாமி சிரித்தார். "அது கதையில இல்லை அம்பி. அந்த வருஷம் மழையில மெட்டுல மண் சரிஞ்சு, நாலு வாரம் பஸ் வரலை. கடைசி நாலு புஸ்தகமும் வரவே இல்லை. பொண்ணு ராத்திரி தூங்காம முடிவு என்னன்னு கேட்டு அழுதா. நானா ஒண்ணு சொன்னேன். அதையேதான் உன்கிட்டயும் சொன்னேன்."

நாற்பது வருஷமாக அந்த முடிவை நான் அச்சில் தேடிக்கொண்டிருந்தேன். அது சாந்தன்பாறையில் ஒரு சமையலறையில், வீணை தெரிந்த ஒரு அம்மா, அழுகிற குழந்தைக்காகக் கட்டியது. எந்த நூலகத்திலும் அது கிடைக்காது. என் அபிப்பிராயத்தில், பத்திரிகையில் வந்த முடிவு இதைவிட நன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மாமி, "கண்டுபிடிச்சேன்னா, அவா என்ன முடிவு வச்சான்னு மட்டும் எனக்குச் சொல்லு" என்றார். அவரும் ஐம்பது வருஷமாகக் காத்திருந்தவர்தானே. 2019இல் மாமி காலமானார். அவர் பெண் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற மனோதத்துவப் பேராசிரியர், அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து, மாதம் கழித்து, வருஷம் கழித்து எழுதிக்காட்டச் சொன்னார். 1932இல் அதைப் புத்தகமாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் கதை சுருங்கியது. புரியாத இடம் விடுபட்டது. தெரியாத பொருளுக்குப் பதில் தெரிந்த பொருள் வந்து உட்கார்ந்தது. ஞாபகம் என்பது பீரோவில் வைத்த பத்திரம் இல்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சமைப்பது என்று அவர் சொன்னதன் சாரம். 1974இல் லாஃப்டஸ், பால்மர் என்ற இருவர் இன்னொன்று காட்டினார்கள். ஒரே கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் "கார்கள் மோதியபோது" என்று கேட்டால் ஒரு வேகம் சொல்கிறார்கள். "நொறுங்கியபோது" என்று கேட்டால் அதிக வேகம் சொல்கிறார்கள். கேட்கிற வார்த்தையே பதிலை மாற்றிவிடுகிறது. ஆகவே பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு முதல் விதி: உங்கள் ஞாபகத்தை முழுவதும் எதிராளிக்குச் சொல்லிவிட்டு, "இது என்ன கதை?" என்று கேட்காதீர்கள். பாதி சொல்லுங்கள், மீதியை அவர் சொல்கிறாரா என்று பாருங்கள்.

இரண்டாவது விதி, ஞாபகத்தை விட்டுவிட்டு எழுத்துச் சாட்சியத்துக்குப் போவது. எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சர்வீஸ் முழுவதும் கள டயரி எழுதியவன் நான். 1975ஆம் வருஷ டயரியில், ஏலச்செடி நோய்க் குறிப்புகளுக்கு நடுவே, அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்பது வரி இருந்தது. அதில் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் பக்கங்களின் பின்புறத்தில் என்ன இருந்தது என்று எழுதியிருந்தேன். கத்தரித்த தொடர்கதையின் பின்பக்கத்தில் விளம்பரமும் துணுக்கும் அரைகுறையாக இருக்குமே, அதுதான்.

முதல் குறிப்பு: தலைவலித் தைலம் ஒன்றின் விலை நயா பைசாவில் போட்டிருந்தது. நம் நாட்டில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. 'நயா' என்ற அடைமொழியை எடுத்தது 1964 ஜூன் 1ஆம் தேதி. ஆக, கதை இந்த ஏழு வருஷத்துக்குள். தேவன் 1957 மே மாதமே காலமாகிவிட்டார். சுஜாதா இன்னும் வரவில்லை. ஒரு தைலப் புட்டியின் விலை இவ்வளவு பேரை விடுவித்துவிட்டது.

இரண்டாவது: தேசப் பாதுகாப்பு நிதிக்குப் பணமும் தங்கமும் தாருங்கள் என்ற வேண்டுகோள். சீன யுத்தம் 1962 அக்டோபர் 20ஆம் தேதி ஆரம்பித்தது. நிதி அதற்குப் பிறகு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு துணுக்கு. "மாப்பிள்ளை எப்படி?" "பதினாலு காரட்!" இதைப் படித்து 1975லேயே எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன் ஹாஸ்யம் என்றே புரியவில்லை, அதனால்தான் எழுதி வைத்திருக்கிறேன். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதி மந்திரியாக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. புதிதாகச் செய்யும் நகை பதினாலு காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் பட்ட பாடு இங்கே உள்ள பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கதையில் நகைக் கடைக் கணக்குப் புத்தகத்துக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்த வருஷத்துத் தலைப்புச் செய்தியை வைத்துத்தான் ஆசிரியர் கதை பின்னியிருக்கிறார்.

மூன்றையும் சேர்த்தால், 1963 ஜனவரியிலிருந்து 1964 மே முடிய, சுமார் எழுபது வாரம். ஐந்து பத்திரிகை என்று வைத்துக்கொண்டால் முந்நூற்றைம்பது இதழ். எழுபது வயசுக்காரனால் முடிகிற வேலைதான்.

சென்னையில் பெண் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்க்க ஆரம்பித்தேன். தேடுவதற்கு இடங்கள் இருக்கின்றன. கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. 1954ஆம் வருஷச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதன் கதையே ஒரு நாவல். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுதும் பழைய புத்தகமும் பத்திரிகையும் சேர்த்தார். மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதையும், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் உட்பட, எடுத்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கப்பல் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாக ஆயிற்று. நாம் வெட்கப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் படலாம். இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே எத்தனையோ பழைய புத்தகங்களைப் பார்க்க முடிகிறது.

நான் இதுவரை, பல இடங்களிலுமாக, இருநூறு இதழ்வரை பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. நான் பார்த்த வரிசைகளில் நடு நடுவே இதழ்கள் இல்லை. ஒரு நூலகத்தில் இதழ் இருந்தது. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் யாரோ பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். கோபம் வந்தது. அடுத்த நிமிஷம், அந்தப் பக்கங்களை எங்கேயோ ஒரு மாமி தைத்து வைத்திருப்பார் என்றும் தோன்றியது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது அதை பைண்டு செய்யாத வீடு நமக்குள் குறைவு. அதற்குப் பிறகு அது எத்தனையோ பதிப்பு கண்டது. அந்த பைண்டு காணாமல் போனாலும் கதை போகாது. தேவனையும் வடுவூராரையும் மயிலாப்பூர் அல்லயன்ஸ்காரர்கள் திரும்ப அச்சுப் போட்டார்கள். ஆனால் ஒரே ஒரு தடவை பத்திரிகையில் வந்து, யாரும் புத்தகமாகப் போடாத தொடர்கதைகள் எவ்வளவோ. துப்பறியும் கதை என்றால் கேட்கவே வேண்டாம். மறுபதிப்புக்கு லாயக்கில்லை என்று விட்டுவிட்டார்கள். மலிவு நாவல்களையும் மதிக்கலாம் என்று 2008இல் சென்னையில் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ்வாணன், ராஜேஷ்குமார், சுபா போன்றவர்களை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டபோது, வெளிநாட்டுக்காரர்கள்கூட வாங்கிப் படித்தார்கள். அப்படிப்பட்ட கதைகளுக்கு இன்று மிச்சமிருக்கும் ஒரே பிரதி, நம் வீட்டுப் பரணில் இருக்கும் பைண்டாக இருக்கலாம்.

அந்தப் பரண்களை நாம் இப்போது காலி செய்துகொண்டிருக்கிறோம். அக்ரஹாரத்து வீட்டை விற்கிறோம். அப்பா அம்மாவின் ஃபிளாட்டை ஒழிக்கிறோம். பிள்ளை அமெரிக்காவிலிருந்து பத்து நாள் லீவில் வந்து எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டுப் போகிறான். அவனைக் குறை சொல்லவில்லை. அட்டை இல்லாத பைண்டைப் பார்த்தால் அது என்னவென்று அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் மாமியின் அலமாரியும் அவர்கள் மலையை விட்டு இறங்கியபோது போடியில் பழைய பேப்பர் கடைக்குத்தான் போயிற்று.

ஆகவே கொஞ்சம் நடைமுறை யோசனை. பைண்டு கிடைத்தால் முதலில் பின்பக்கங்களைப் பாருங்கள். விலை, சினிமா விளம்பரம், தபால் கட்டணம், தேர்தல் செய்தி, எதுவானாலும் வருஷம் சொல்லும். படத்தின் மூலையில் ஓவியர் கையெழுத்து இருக்கும். கோபுலு என்றால் விகடன், மணியம் என்றால் கல்கி, வர்ணம் என்றால் குமுதம் என்று ஆரம்பிக்கலாம். தெரிந்ததை ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள்; அந்தப் பசை சில வருஷத்தில் பழுப்பாகி, எழுத்தையும் கெடுத்துவிடும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம். பத்திரிகைத் தாளில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, அமிலத்தால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். பிரிந்து போகும் முன் பேரன் பேத்தியை விட்டு ஒவ்வொரு பக்கமாக, பின்பக்கத்தையும் சேர்த்து, போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எடைக்குப் போடுவது கடைசி வழி.

ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன். காப்புரிமைச் சட்டம் 1957, 23ஆவது பிரிவுப்படி, புனைபெயரில் வந்த படைப்புக்கு, ஆசிரியர் யார் என்பது வெளிப்படாவிட்டால், வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷ ஆரம்பத்திலிருந்து அறுபது வருஷம்தான் உரிமை. என் கதை 1963இல் முடிந்து, ஆசிரியரும் தெரியாமலே போயிருந்தால், 2023 டிசம்பரோடு அந்த உரிமை தீர்ந்தது. யார் வேண்டுமானாலும் அச்சுப் போடலாம். அச்சுப் போட எவரிடமும் கதை இல்லை என்பதுதான் நிலைமை.

இனி என் வேண்டுகோள். இந்தப் பேச்சு நம் இதழில் வந்தால் பல ஊர்களில் இருக்கும் உறுப்பினர்கள் படிப்பார்கள். உங்கள் வீட்டிலோ, அத்தை வீட்டிலோ, 1963, 1964ஆம் வருஷத்துத் தொடர்கதை பைண்டு இருந்தால் தயவு செய்து ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அடையாளம்: மதுரை ஜங்ஷன், இரண்டு வீணைப் பெட்டி, இடது கையில் உறை, ஆறு தந்தி என்ற பதில், மலை பங்களாவில் அணையும் விளக்கு. தாளம் போடும் வக்கீல் அதில் இருக்க மாட்டார். இருந்தால் எனக்கு அவசியம் சொல்லுங்கள், ஏனென்றால் அப்போது மாமிக்கும் அந்த ஆசிரியருக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது என்று ஆகும். கிடைத்தவர்கள் சங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், நானே நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன். கடைசி நாலு அத்தியாயத்துக்குப் பிரதி எடுத்து, ஒன்றைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும்.

அரை மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்களில் யாருக்காவது இப்படிப் பெயர் மறந்துபோன கதை இருந்தால், காபி சாப்பிடும்போது என்னிடம் சொல்லுங்கள். ஆனால் முடிவை மட்டும் சொல்லாமல் வையுங்கள்.